கரிமூட்டத்துக்குப் போன கிராம சபை

2022 மே 1, ஞாயிற்றுக்கிழமை. வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கு அன்று தண்ணீர் முறை. எழுந்ததும் தொட்டியை நிரப்பினேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். இட்லி அவித்து என் கணவருக்கு மூடி வைத்துவிட்டு, எனக்கு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். பையில் தண்ணீர்ப் பாட்டில், இரண்டு பேனா, கிளிப் அட்டை, தலைக்குப் போட ஒரு துண்டு. திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாட்குறிப்பில் அன்றைய தேதிக்குக் கீழே முதல் வரி இப்படி இருக்கிறது: ‘தண்ணீர் வந்தது. காற்று இல்லை. ஓடைப்பொட்டல் கிராம சபை, பற்றாளர் பணி.’

ஓடைப்பொட்டல் என்பது நான் வைத்த பெயர். திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரின் உண்மைப் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஊர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இதை எழுதச் சொன்னது பாரதி. முழங்கால் வலியால் நான் முன்கூட்டியே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபோது, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக என் நாற்காலிக்கு வந்தவள். போன மாதம் போனில் அழைத்தாள்.

“மேடம், இப்ப கூட்டப் பொருள் பூரா மேலருந்தே வந்துருது. ஊர்ப் பேரை மட்டும் நாங்க நிரப்புறோம். போட்டோ எடுத்து அன்னைக்கே செல்லுல ஏத்திரணும். நீங்க ஒருதடவை கிராம சபையைப் பாதியில கெளப்பிக் கண்மாய்க்குள்ள கூட்டிட்டுப் போனீங்களாமே? விதியில அதுக்கு இடம் இருக்கா?”

“கூட்டிட்டுப் போனது நான் இல்லம்மா, அப்ப பிடிஓவா இருந்த இருளப்பன் சார். விதியில இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.”

“அப்ப எழுதிக் குடுங்க மேடம். அந்த ஊரு இந்தத் தடவை எனக்கு வந்திருக்கு.”

அதனால் எழுதுகிறேன்.

என் வேலையின் தொடக்கத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். சத்துணவுப் பிரிவு, கணக்குப் பிரிவு, ஊர்நல அலுவலர் என்று படிப்படியாக வந்தேன். பயிற்சியில் ஒருவர், ஊராட்சியில் கிராம சபைக்கு மேல் எதுவும் இல்லை என்று பலகையில் எழுதிக் கோடு போட்டார். பிறகு வேலைக்கு வந்து பார்த்தால், ஊருக்கு மேலே இருப்பவர்கள் எழுதி அனுப்புவதை ஊர் கைதட்டி ஏற்றுக்கொள்வதுதான் கிராம சபையாக இருந்தது. அதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் இல்லை, இருளப்பன் சார் எங்கள் ஒன்றியத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலராக வரும்வரை.

சார் அதிகம் பேச மாட்டார். சட்டைப் பையில் ஒரு பென்சில் வைத்திருப்பார். பேனாவால் கையெழுத்து மட்டும்தான். கிராம சபைத் தீர்மானங்கள் மேசைக்கு வந்தால் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னல் பக்கம் எழுந்துபோய், வெளிச்சத்தில் நின்றுகொண்டு, உதடு அசையப் படிப்பார். ‘ஏகமனதாக’ என்ற சொல் வந்தால் அதன் கீழே பென்சிலால் ஒரு கோடு. பிறகு கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“யாரு வரல?”

எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. அது வருகைப் பதிவில் இருக்கிறது, அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார். வராதவர்களைப் பற்றி எங்கும் எழுதுவதில்லை. அதைப் போய்வந்தவர்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. அதன்பிறகு கூட்டத்துக்குப் போனால் என் கண் தானாகவே காலி இடங்களைத் தேட ஆரம்பித்தது.

அவர் எப்படி முடிவெடுப்பார் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். குப்பை பிரிக்கும் கொட்டகை கட்ட எல்லா ஊராட்சிக்கும் ஒரே வரைபடம் வந்திருந்தது. அதில் திறந்த பக்கம் மேற்கே இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று வரைந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஓர் ஊராட்சியில் வரைபடத்தில் உள்ளபடியே கட்டினார்கள். ஆடி பிறந்தது. தூய்மைக் காவலர்கள் காலையெல்லாம் பிரித்து வைத்த பாலித்தீன் பைகள் மதியத்துக்குள் கண்மாயில் மிதந்தன. ஊர் மக்கள் கூடி, மேற்கை அடைத்துக் கிழக்கைத் திறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தணிக்கையில் கேள்வி வந்தது. சார் பதிலாக எழுதியது ஒரே வரி: ‘காற்று மேற்கிலிருந்து வருவதால் ஊர் தீர்மானித்தபடி மாற்றப்பட்டது.’ அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

ஆனால் எல்லா ஊரும் காற்றின் திசை போன்ற விஷயத்துக்காகவே கூடுவதில்லை. ஊருக்கு அதிகாரம் கொடு என்று சொல்வது எளிது. ஊர் என்றால் யார் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. ஓடைப்பொட்டலில்தான் அதை நேராகப் பார்த்தேன்.

நீர்நிலைகளில் உள்ள சீமைக்கருவேல மரங்களை அடியோடு அகற்ற வேண்டும் என்று அப்போது மேலிருந்து உத்தரவு. தீர்மான வாசகமும் அச்சடித்தே வந்திருந்தது. ஊர்ப் பெயருக்கும் கண்மாய்ப் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். தீர்மானம் போனதும் டெண்டர், டெண்டர் முடிந்ததும் மிஷின். வெட்டிய மரம் ஒப்பந்தக்காரருக்கு. உத்தரவில் தவறு இல்லை. அந்த மரம் கண்மாயை எப்படித் தின்கிறது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் பள்ளிக்கூட வளாகத்தில், வேப்பமர நிழலில். தலைவர் மாயன் தலைமை தாங்கினார். ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் பற்றாளரின் வேலை பார்ப்பது மட்டுமே. தலைமை தாங்கக் கூடாது, ஒரு பக்கம் சாயக் கூடாது, முடிவைச் சொல்லக் கூடாது. அறிவிப்பு முறையாகக் கொடுக்கப்பட்டதா, கூட்டம் செல்லக் கோரத்துக்கு வேண்டிய ஆள் இருக்கிறார்களா, படித்ததும் எழுதியதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். நான் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்பாராமல் சார் ஜீப்பில் வந்து இறங்கி, முன்வரிசை நாற்காலியை விட்டுவிட்டு, கூட்டத்தின் கடைசியில் பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

ஊராட்சிச் செயலர் கருவேல மரப் பொருளைப் படித்தார். கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ள தவசி எழுந்தார். நெடுநெடுவென்று உயரம், தோளில் பச்சைத் துண்டு.

“ஒரு குச்சி விடாம புடுங்கணும். போன ஐப்பசில அம்புட்டு மழை பேஞ்சுச்சு. கண்மாய்க்கு வர்ற வரத்துக்கால்ல தண்ணி வந்துச்சா? வரல. பூரா முள்ளு. எங்க ஊருத் தண்ணி அடுத்த ஊருக்குப் போயிருச்சு. எங்கிணறு வத்தி மூணு போகம் ஆச்சு. மாட்டை வித்துட்டேன். இன்னும் என்னத்த விக்க?”

“மாமா, மீசை இருக்குல்ல” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“இருக்கட்டும் மாப்ள. அதை உனக்குச் சீதனமாத் தாரேன்.”

சிரித்தார்கள். ஆனால் தவசி சிரிக்கவில்லை. கூட்டம் கை தூக்கியது. செயலர், “ஏகமனதாக” என்று சொல்லி எழுதத் தொடங்கினார்.

“தலைவரே, யாரு வரல?” என்று படிக்கட்டிலிருந்து சார் கேட்டார்.

மாயன் திரும்பினார். “எல்லாரும் வந்தாச்சு சார். கோரம் இருக்கு.”

“அந்தா கரைக்கு அங்கிட்டு புகையுதே, அது யாரு?”

கண்மாய்க் கரைக்குப் பின்னால் வெள்ளையாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. வந்ததிலிருந்தே அதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

“கரிமூட்டம் போடுறவங்க சார். நம்ம கிழக்குத் தெரு ஆளுக. நிலம் நீச்சு கிடையாது, கருவேலைதான் பொழப்பு. நோட்டீஸ் எல்லாம் குடுத்தாச்சு. அவங்க வர மாட்டாங்க.”

“வர மாட்டாங்களா, வர முடியாதா?”

“தீ வச்சு ரெண்டு நாளாச்சு சார். விட்டுட்டு வந்தா மூட்டம் வாய் பொளந்துரும். பொளந்தா பூராச் சாம்பல்தான்.”

இதை விளக்க வேண்டும். கட்டைகளை அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் பூசி மூடுவார்கள். உள்ளே தீ எரியக் கூடாது, கனிய வேண்டும். அங்கங்கே சிறு துளைகள் விட்டு, புகையின் நிறத்தைப் பார்த்துத் திறப்பதும் அடைப்பதுமாக, ஆறும்வரை இரவும் பகலும் ஒருவர் சுற்றிவந்துகொண்டே இருக்க வேண்டும். மண் வெடித்துக் காற்று புகுந்தால் சில நிமிடங்களில் எல்லாம் போய்விடும்.

சார் எழுந்து வேட்டியைத் தட்டினார். “அவங்களால இங்க வர முடியாது. நம்மால அங்க போக முடியும். தலைவரே, கூட்டம் கலையல. நடந்துக்கிட்டே இருக்கு. உங்களுக்குச் சம்மதம்னா எல்லாரும் கண்மாய்க்குள்ள போவோம்.”

“இந்த வெயில்லயா? வெள்ள வேட்டி கட்டிட்டு வந்திருக்கோம் சார்” என்றார் ஒருவர்.

“வேட்டியை அங்க துவைக்கத் தண்ணி இல்லைங்கிறதுதானப்பே இன்னைக்குப் பேச்சே” என்றார் தவசி. முதலில் நடக்கத் தொடங்கியவரும் அவர்தான். அவர் மனம் இளகிவிடவில்லை. அன்றைக்குள் தீர்மானம் போக வேண்டும் என்ற அவசரம்.

பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோரத்துக்குக் குறையாமல் இருந்த மீதிப் பேர் கரை ஏறி இறங்கினோம். வருகைப் பதிவையும் தீர்மானப் புத்தகத்தையும் நான் தலையில் துண்டோடு சுமந்து போனேன். கண்மாய்க்குள் நிழல் என்று சொல்ல அந்த முள்மரங்கள்தான். மூட்டத்தின் பக்கத்தில் அனல் முகத்தில் அடித்தது. நடுவயதுப் பெண் ஒருவர், கையில் மண்வெட்டியோடு நின்றார். முழங்கை வரை கரி. அவர்தான் பஞ்சவர்ணம். அங்கே மூட்டம் போடும் குடும்பங்களுக்கு அவர் சொல்தான் சொல். மற்றவர்கள் தள்ளி மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் காவல்.

“என்னண்ணே, ஊரே தெரண்டு வந்திருக்கீங்க? யாரும் செத்துட்டாகளா?” என்று மாயனைக் கேட்டார்.

மாயன் விஷயத்தைச் சொன்னார். செயலர் வாசகத்தை மறுபடி படித்தார். பஞ்சவர்ணம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுதும் கேட்டார்.

“அப்ப அடியோட அள்ளிட்டுப் போயிருவீங்க. கட்டையை வெளியூர்க்காரன் கொண்டுபோயிருவான். நாங்க எங்க போறது? திருப்பூருக்கா?”

“நாங்க மட்டும் எங்க போறது ஆத்தா?” தவசியின் குரல் உயர்ந்தது. “உனக்கு முள்ளு இருக்கு. எனக்கு நிலம் இருந்தும் குடிக்கத் தண்ணி இல்ல.”

“வரத்துக்கால்ல முள்ளு கெடக்குன்னு வாய் கிழியப் பேசுறீகளே, அங்க எங்கள வெட்ட விட்டீகளா? பட்டா நிலத்துக்கு ஒட்டுன காலு, உள்ள எறங்குனா காலை ஒடிப்பேன்னு சொன்னது யாரு?”

சொன்னது தவசிதான் என்பது கூட்டத்தின் முகங்களிலேயே தெரிந்தது.

“வரத்துக்காலை எங்கக்கிட்ட விடுங்க. மடைக்கு முன்னாடியும் விடுங்க. தூரோட தோண்டித் தாரோம். தூருக்குத்தான் கரி கனமா நிக்கும். மிசினு மேல ஒடிச்சுட்டுப் போயிரும், அடுத்த மழைக்கு அங்கிட்டு ஒண்ணுக்கு நாலாத் தழையும். நடுக்கண்மாயை மட்டும்…”

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மூட்டத்தின் மறுபக்கத்திலிருந்து ‘பொத்’ என்று ஒரு சத்தம். நாங்கள் நின்ற பக்கம் புகை ஒரே சீராக இருந்ததால் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. பஞ்சவர்ணம் எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்ற நேரத்தில் அங்கே மண் வெடித்து, தீ வெளியே நாக்கு நீட்டிவிட்டது.

அவர் ஓடினார். வெறுங்கையால் மண்ணை அள்ளி அப்பினார். மண் காய்ந்திருந்தது, ஒட்டவில்லை. “தண்ணி! தண்ணி!” என்று கத்தினார். அவர் வைத்திருந்த குடம் ஒரு நிமிடத்தில் காலி. தவசி துண்டை உதறி எறிந்துவிட்டு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். மாயன், செயலர், வெள்ளை வேட்டிக்காரர்கள், எல்லோரும் கையில் கிடைத்ததைக் கொண்டு மண்ணை வெட்டிப் போட்டார்கள். எங்கள் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டில்கள் எல்லாம் அந்த மண்ணைக் குழைக்கப் போயின. சார் தன் பாட்டிலை ஊற்றிவிட்டு ஜீப்பிலிருந்த கேனை டிரைவரோடு சேர்ந்து தூக்கி வந்தார்.

வாய் அடைந்தது. ஆனால் அந்தப் பக்கம் கால்வாசி சரிந்து சாம்பலாகிவிட்டது. பஞ்சவர்ணம் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தார். உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது. அழவில்லை. “கூப்புட்டுப் பேசுனீங்க. நானும் பேசிட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

சார் மூட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். அவர் முகம் அப்படி இருந்து நான் முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

பேச்சை மறுபடி எடுத்தது தவசிதான். வேட்டியெல்லாம் மண். “வரத்துக்கால் ஆவணி பொறக்குறதுக்குள்ள சுத்தமாகணும். மடை முன்னாடியும். தூரோட. அது நடக்கலைன்னா மிசின் வரும், நான் யாரு சொல்லையும் கேக்க மாட்டேன்.”

“ஆடிக்குள்ள முடிச்சுத் தாரோம்” என்றார் பஞ்சவர்ணம், தலை தூக்காமல்.

“நடுக்கண்மாய் மூணு வருசம் கெடக்கட்டும். அப்புறம் ஊர் கூடிப் பேசுவோம். காலை ஒடிப்பேன்னு இனிச் சொல்ல மாட்டேன்” என்றார் தவசி.

செயலர் அச்சடித்த வாசகத்தை அடித்துவிட்டுக் கையால் எழுதினார். நான்கு பேர் எதிர்த்தார்கள். மொத்தமாக அகற்றியே ஆக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. சார் சொல்ல, அவர்கள் சொன்ன காரணமும் எழுதப்பட்டது. ‘ஏகமனதாக’ என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பஞ்சவர்ணத்தின் கை மட்டும் பேனா பிடிக்கும் நிலையில் இல்லை.

“கைநாட்டு வச்சிருவோமா?” என்றார் செயலர்.

“எனக்குக் கையெழுத்துத் தெரியும்” என்றார் அவர்.

“இடம் விட்டு வைங்க” என்றார் சார். “நாளைக்குப் போடட்டும். நாளைக்குத் தேதியே போடட்டும்.” உடன் ஒரு குறிப்பும் எழுதச் சொன்னார்: தீக்காயத்தால் கையெழுத்து மறுநாள் பெறப்படும். அதன் கீழே தன் பேனாவால் கையெழுத்திட்டார்.

அந்தத் தீர்மானம் மேலே போய்த் திரும்பி வந்தது, ‘உத்தரவுக்கு முரண்’ என்று. சார் நேரில் போனார். மறுபடி திரும்பியது, மறுபடி போனார். கடைசியில் ‘முதற்கட்டப் பணி’ என்று பெயர் மாற்றி ஏற்றுக்கொண்டார்கள். வரத்துக்கால் ஆடிக்குள் முடியவில்லை. ஆவணி நடுவில்தான் முடிந்தது, தவசி பொறுத்துக்கொண்டார். அந்த ஐப்பசியில் தண்ணீர் கண்மாய்க்குள் வந்தது. நிறையவில்லை. வந்தது. நடுக்கண்மாய் முள் அப்படியே இருக்கிறது. அதைச் சரியென்று நான் சொல்ல மாட்டேன். அந்த எதிர்ப்பு நான்கும் தவறென்றும் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் முடிந்துவிட்டது. ஊர் மறுபடி கூடப்போகிறது. அந்தக் கூட்டம்தான் பாரதிக்கு வந்திருக்கிறது.

இருளப்பன் சார் மாற்றலாகிப் போகும் நாளில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒருமுறை பேசினார். “நம்ம அவங்களைத் தேடிப் போனது சரி. போறதுக்கு முன்னாடி மூட்டத்துக்கு ஒரு ஆளை நிறுத்தியிருக்கணும்” என்றார். பாரதிக்கு நான் சொல்ல நினைப்பதும் அவ்வளவுதான். விதியில் இதற்கு இடம் தேட வேண்டாம். ஒருவரிடம் கருத்துக் கேட்கிற நேரத்தில் அவர் வேலையை யார் பார்க்கிறார்கள் என்று முதலில் பார்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், மே 2 காலை. குழாயில் தண்ணீர் முறை இல்லாத நாள். அலுவலகம் போகாமல் நேராக ஓடைப்பொட்டலுக்குப் பஸ் பிடித்து, செயலரிடம் தீர்மானப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கண்மாய்க்குள் போனேன். பஞ்சவர்ணம் மூட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார், கையில் மருந்து தடவித் துணி சுற்றியிருந்தது. கரி கனிந்துவருவதன் அடையாளமாகப் புகை நீலமாக மாறத் தொடங்கியிருந்தது. தீர்மானத்தைப் படித்துக் காட்டவா என்று கேட்டேன். நானே படிக்கிறேன் என்றார். அவரிடமிருந்து மண்கூடையை வாங்கிக்கொண்டு, எந்தத் துளையை எப்போது அடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கருவேல நிழலில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, முழுவதும் படித்து, கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை மூட்டத்தை நான் சுற்றி வந்தேன்.